வருஷத்துக்குப் பதினஞ்சு பேர்

குளிர்நாட்டுப் படங்கள்ல பார்த்திருப்பீங்க. தலைக்கு மேல வளைஞ்ச கம்பி, ரெண்டு பக்கமும் காதை மூடுற மாதிரி பஞ்சு உருண்டை. இயர்மஃப். இதை 1873ல் கண்டுபிடிச்சது செஸ்டர் கிரீன்வுட்ங்கற 15 வயசுப் பையன். ஐஸ் ஸ்கேட்டிங் போனா காது விறைச்சுப் போகுதேன்னு கம்பியை வளைச்சுப் பாட்டிகிட்ட கொடுத்து ரோமத்தோல் வச்சுத் தைக்கச் சொன்னானாம். 1877ல் காப்புரிமை வாங்கி, பின்னாடி ஃபேக்டரியே வச்சுட்டார். ஊர் ஃபார்மிங்டன், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலம், ஃபிராங்க்ளின் கவுண்டி. இன்னிக்கும் டிசம்பர்ல அவர் பேர்ல அங்கே ஊர்வலம் நடக்குது.

இந்தப் பதிவு இயர்மஃப் பத்தி இல்லை மக்களே. அதே ஊர்ல நூறு வருஷம் கழிச்சு நடந்த இன்னொரு சமாச்சாரம் பத்தி. அதுக்கு ஊர்வலம் எல்லாம் கிடையாது. இவ்ளோ நல்ல விஷயத்தைத் தமிழ்ல யாராவது எழுதியிருப்பாங்கன்னு தேடினேன், கண்ணுல படலை. சரி, நாமே எழுதிடுவோம்னு உட்கார்ந்தாச்சு.

கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரின்னு வச்சுக்கலாம். ஆனா ஜனத்தொகையைப் பார்த்தா சிரிப்பு வரும். 1970ல் ஃபிராங்க்ளின் கவுண்டி முழுக்க 22,444 பேர். சென்னை மாநகராட்சியில ஒரு வார்டுக்கே சராசரியா இதைவிட அதிகம் பேர். ஆனா இவங்க பரவிக் கிடக்குற பரப்பு பெருசு. காடு, மலை, ஏரி, வருஷத்துல பாதி நாள் பனி. வேலைன்னு பார்த்தா மரம் வெட்டுறது, ஜே என்ற ஊர்ல காகித ஆலை, வில்டன்ல ஷூ கம்பெனி. வருமானம் குறைவு.

இப்ப கொஞ்சம் பின்னாடி போகணும். 1970ல் ரத்த அழுத்தம்னா என்ன மரியாதை இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் மீதிக் கதை புரியும்.

1945 ஏப்ரல் 12ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். அன்னிக்கு அவரோட பி.பி. 300க்கு 190. (இவரும் ஒரு ஃபிராங்க்ளின்தான், ஆனா கவுண்டிக்குப் பேர் கொடுத்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். குழப்பிக்காதீங்க.) அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1944 மார்ச்சில் 186/108 இருந்திருக்கு. ஹோவர்டு புரூயன் என்ற இதய டாக்டர் அப்பத்தான் அவரை முதல் தடவையா ஒழுங்காப் பரிசோதிக்கிறார். அதுவரைக்கும் ஜனாதிபதியைக் கவனிச்சுக்கிட்டது ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் :-) உலகத்தின் பெரிய பதவியில இருந்தவருக்கே கொடுக்க உருப்படியான மருந்து கிடையாது. உப்பைக் குறைங்க, ஓய்வெடுங்க, அவ்வளவுதான்.

பிரஷரை மருந்து கொடுத்துக் குறைச்சா உயிர் பிழைக்கும்னு சந்தேகமில்லாம நிரூபிச்சது 1967ல். எட்வர்டு ஃப்ரைஸ் தலைமையில அமெரிக்க ராணுவ ஓய்வாளர் மருத்துவமனைகள்ல நடந்த ஆய்வு. அழுத்தம் ரொம்ப அதிகமா இருந்த 143 ஆண்கள். வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு, மருந்து சாப்பிட்டவங்கள்ல 2 பேருக்கு. 27க்கு 2! 1970ல் வந்த அடுத்த அறிக்கை, அவ்வளவு மோசமில்லாத பிரஷருக்கும் மருந்து பலன் தருதுன்னு சொல்லிச்சு.

ஆக மருந்து கையில இருக்கு. ஆனா சாப்பிட வேண்டியவன் எங்கே? அப்ப மருத்துவ உலகத்துல 'பாதிகளின் விதி'ன்னு ஒண்ணு சொல்லுவாங்க. பிரஷர் இருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்குத்தான் அது தெரியும். தெரிஞ்சவங்கள்ல பாதிப் பேர்தான் சிகிச்சையில இருப்பாங்க. அவங்கள்லயும் பாதிப் பேருக்குத்தான் கட்டுக்குள்ள இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, எட்டுல ஒருத்தர். பிரஷர் வலிக்காது சார், அதுதான் பிரச்சினையே. பல்வலின்னா ராத்திரி பன்னண்டு மணிக்குக் கூட டாக்டரைத் தேடுவோம். வலிக்காத வியாதிக்கு, நல்லா இருக்கிறப்பவே, சாகுற வரைக்கும் மாத்திரை சாப்பிடுன்னா எவன் கேட்பான்?

ஃபிராங்க்ளின் கவுண்டிக்காரங்க இந்த இடத்துலதான் கை வைக்கிறாங்க. 1960களின் கடைசியிலயே உள்ளூர் அமைப்புகள் கூடிப் பேசி, நம்ம கவுண்டிக்கு முக்கியமான வேலை இதய நோயைத் தடுக்கிறதுன்னு முடிவு பண்ணியிருக்காங்க. 1970களின் தொடக்கத்துல ரூரல் ஹெல்த் அசோசியேட்ஸ்ங்கற லாபநோக்கில்லாத மருத்துவக் குழு வருது. ஏழைகளுக்கும் டாக்டர் கிடைக்கணும்ங்கறது அவங்க நோக்கம். 1974ல் இதய நலத் திட்டம் தொடங்குது. டேவிட் டிக்சன், பர்ஜஸ் ரெக்கார்ட்னு டாக்டர்கள், சாண்ட்ரா ரெக்கார்ட்ங்கற நர்ஸ், இன்னும் பலர். (நாற்பது வருஷம் பதிவேடு எழுதினவங்க பேரே ரெக்கார்ட். நான் ஒண்ணும் சொல்லலை.)

என்ன செஞ்சாங்க? சொன்னா சப்புன்னு இருக்கும். நர்ஸுகளும் பயிற்சி கொடுத்த உள்ளூர்த் தன்னார்வலர்களும் பி.பி. பார்க்கிற பட்டையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போனாங்க. ஊர்ப் பொதுக்கூடம், சர்ச், பள்ளிக்கூடம், வேலை செய்யுற இடம். சட்டைக் கையை மடக்குங்க, பார்க்கிறோம், எழுதிக்கிறோம். அதிகமா இருந்தா உட்கார வச்சுப் பேசி டாக்டர்கிட்ட அனுப்பி வைப்பாங்க.

இது வரைக்கும் நம்ம லயன்ஸ் கிளப் இலவச முகாம்லயும் நடக்கும். ஞாயித்துக்கிழமை ஷாமியானா, பேனர், ஒரு சீட்டுல 160/100ன்னு எழுதிக் கையில கொடுத்துடுவாங்க. அந்தச் சீட்டு சட்டைப் பையிலயே துவைச்சு நாராகிப் போகும். ஃபிராங்க்ளின்ல வித்தியாசம் என்னன்னா, அனுப்பின பிறகு விடலை. டாக்டரைப் பார்த்தாரா, மாத்திரை ஆரம்பிச்சாரா, சாப்பிடுறாரா, இப்ப எவ்வளவு இருக்குன்னு நர்ஸ் துரத்தித் துரத்திக் கேட்டு எழுதி வச்சாங்க. அந்த ஊர் டாக்டர்களும் இதை அவங்க தொழில்ல மூக்கை நுழைக்கிற வேலையா எடுத்துக்காம கூட நின்னாங்க. என் மதிப்பீட்டுல இதுதான் முழு ரகசியமும். மத்ததெல்லாம் சில்லறை.

பலன்? 1975ல் பிரஷர் இருக்கிறவங்கள்ல கட்டுக்குள்ள இருந்தது 18.3 சதவீதம். 1978ல் 43.0 சதவீதம். அதாவது பிரஷர்காரங்க ஆயிரம் பேர் இருந்தா மூணே வருஷத்துல 247 பேர் புதுசா ஆபத்து குறைஞ்ச பக்கம் வந்துட்டாங்க. புது மருந்து எதுவும் இல்லை. பட்டை, பேனா, நர்ஸ்.

அப்புறம் ஒவ்வொண்ணா சேர்த்தாங்க. 1986ல் கொலஸ்ட்ரால். அப்ப கட்டுக்குள்ள இருந்தவங்க 0.4 சதவீதம், கிட்டத்தட்ட யாருமே இல்லை. (முதல் ஸ்டாட்டின் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைச்சதே 1987லதான்.) 2010ல் 28.9 சதவீதம். கூடவே உணவு, உடற்பயிற்சி, புகைப் பழக்கம். நாற்பது வருஷத்துல ஆட்களோட நேருக்கு நேர் நடந்த சந்திப்புகள் ஒண்ணரை லட்சத்துக்கும் மேல. சுமார் முப்பதாயிரம் பேர் மட்டுமே இருக்கிற இடத்துல!

புகை விஷயத்துல சுவாரசியமான திருப்பம் உண்டு. புகையை விட்டவங்க விகிதம் 48.5 சதவீதத்துல இருந்து 69.5க்கு ஏறியிருக்கு. 1996-2000 காலத்துல ஃபிராங்க்ளின் மாநில சராசரியை நல்லாவே முந்தி நின்னுச்சு. அப்புறம் அந்த வித்தியாசம் காணாமப் போயிடுச்சு. இவங்க சறுக்கலை, மத்தவங்க வந்து சேர்ந்துட்டாங்க. 1998ல் சிகரெட் கம்பெனிகள் மாநிலங்களோட போட்ட ஒப்பந்தத்துல வந்த பணத்தை மெய்ன் மாநிலம் சுகாதார நிதியா ஒதுக்கிச்சு, அது ஒரு காரணமா இருக்கலாம். புள்ளிவிவரத்துல 'வித்தியாசம் இல்லை'ன்னு வந்தா தோல்வின்னு அர்த்தம் பண்ணிக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

ஏன் சொல்றேன்னா, அதே காலத்துல அமெரிக்க அரசு பெரும் பணம் போட்டு மூணு இடத்துல சமூக அளவுல இதய நோய்த் தடுப்பு ஆய்வு நடத்துச்சு. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு, மினசோட்டா, ரோடு ஐலண்டில் பாட்டக்கெட். பெரிய பெரிய நிபுணர்கள், ஒப்பிட்டுப் பார்க்கத் தனி ஊர்கள். 1990களில் முடிவு வந்தப்ப, திட்டம் நடந்த ஊருக்கும் நடக்காத ஊருக்கும் பெரிய வேறுபாடு தெரியலை. ஒப்பீட்டு ஊர்க்காரங்களும் டி.வி., பத்திரிகை பார்த்து அவங்களாவே மாற ஆரம்பிச்சுட்டாங்க. அதோட, ஒரு திட்டம் அஞ்சாறு வருஷம் ஓடினா மாரடைப்புக் கணக்குல என்ன பெருசாத் தெரிஞ்சுடும்? 'ஊர் மொத்தத்தையும் மாத்துறது ஆகாத வேலை'ன்னு பல பேர் மனசு விட்டுட்டாங்க. ஃபிராங்க்ளின் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கிட்டிருந்துச்சு.

2015 ஜனவரியில அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட இதழ்ல நாற்பது வருஷக் கணக்கும் வெளிவந்துச்சு. வருமானம் குறைஞ்ச இடத்துல சாவு அதிகமா இருக்கும், இது எல்லா ஊருக்கும் பொது. அதனால மெய்னின் 16 கவுண்டிகளுக்கும் வருமானத்தை வச்சு 'இவ்வளவு சாவு எதிர்பார்க்கலாம்'னு கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. 1970-1989, 1990-2010 ரெண்டு காலத்துலயும் தொடர்ந்து எதிர்பார்த்ததை விடக் குறைவா இருந்த ஒரே கவுண்டி ஃபிராங்க்ளின். முதல் காலத்துல லட்சத்துக்கு 60.4 மரணம் குறைவு, அடுத்ததுல 41.6 குறைவு.

லட்சத்துக்கு அறுபதுன்னா புரியுற மாதிரி இல்லை. அந்த ஊர் அளவுக்கு மாத்திப் பார்த்தேன். இருபத்தஞ்சாயிரம் பேர்னு வச்சுக்கிட்டா வருஷத்துக்குப் பதினஞ்சு பேர். அந்த வருஷம் செத்திருக்க வேண்டிய பதினஞ்சு பேர் சாகலை. அது யார்னு யாராலயும் சொல்ல முடியாது. அவங்களுக்கே தெரியாது. பைபாஸ் பண்ணிப் பிழைச்சவர் டாக்டர் படத்தை வீட்டுல மாட்டுவார். வராத மாரடைப்புக்கு யார் படத்தை மாட்டுறது?

குறையும் சொல்லியாகணும். இது குலுக்கல் முறையில ஆள் பிரிச்ச பரிசோதனை இல்லை. என்னத்தினால குறைஞ்சதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஃபார்மிங்டன்ல ஒரு பல்கலைக்கழகம் இருக்கு, அதனால இருக்கலாம்னு நீங்க வாதாடலாம். இத்தனை வருஷம் வேலை செஞ்சவங்களே கட்டுரையும் எழுதியிருக்காங்கங்கறதும் கவனிக்க வேண்டிய விஷயம். ஆனா முதல்ல பிரஷர், அப்புறம் கொலஸ்ட்ரால், அப்புறம் புகைன்னு எதைச் சேர்த்தாங்களோ அதுக்கேத்த எண் நல்லபடியா நகர்ந்திருக்கு. எனக்கு அது போதும்.

அடுத்தது காசு. 1994-2006 காலத்துல ஆயிரம் பேருக்கு 17 ஆஸ்பத்திரி அனுமதிகள் எதிர்பார்த்ததை விடக் குறைவு. ஆஸ்பத்திரிச் செலவுல வருஷத்துக்கு 54 லட்சம் டாலர் மிச்சம்னு கணக்கு. யாருக்கு மிச்சம்? இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு, அரசாங்கத்துக்கு. உள்ளூர் ஆஸ்பத்திரி இந்தத் திட்டத்துக்கு ஆதரவு கொடுத்த அமைப்புகள்ல ஒண்ணு, அதுக்கு இது வரவேண்டிய பில் வராமப் போனது! படுக்கை நிரம்பினாத்தான் வருமானம்ங்கற ஏற்பாட்டுல, படுக்கையைக் காலி பண்றவனுக்கு எவன் சம்பளம் கொடுப்பான்? வீடு வீடாத் துரத்தின அந்த நர்ஸுக்கு அந்த 54 லட்சத்துலேர்ந்து பங்கு தர்ற ஏற்பாடு எதுவும் இல்லை. இதை எழுதுறப்பவே கடுப்பா இருக்கு.

அந்த ஊரும் இப்ப பழைய ஊர் இல்லை. வில்டன் ஷூ கம்பெனி 1998ல் மூடியாச்சு. ஜே காகித ஆலையில 1987ல் தொடங்கின வேலைநிறுத்தம் 16 மாசம் நடந்து தொழிலாளிகள் தோத்துப் போனாங்க. 2020ல் அங்கே ஒரு வெடிவிபத்து, 2023 மார்ச்சில் ஆலையே நின்னுபோச்சு. அமெரிக்காவில் வேலை போனா பெரும்பாலும் மருத்துவ இன்ஷூரன்ஸும் கூடவே போயிடும். வருமானம் இறங்க இறங்க, எதிர்பார்க்கப்படும் சாவுக் கணக்கு ஏறும். அந்தக் கோட்டுக்குக் கீழே ஃபிராங்க்ளின் இன்னமும் நிக்குதான்னு பார்க்க 2010க்கு அப்புறமான எண்களையும் யாராவது இதே மாதிரி உட்கார்ந்து கூட்டணும்.