சொல்லப்படாத சொல்: தப்பியோடிய அடிமைகள் பற்றிய அமெரிக்கச் சட்டங்களின் மொழியும் நாட்டுப் பிளவும்

முன்னுரை

சட்டங்களின் வரலாற்றை அவற்றின் அரசியற் பின்புலம் கொண்டு விளக்குவதே பெருவழக்கு. எனினும் சட்டம் மொழியால் ஆனது. ஆதலின் அதன் சொற்களும் தொடரமைப்பும் வரலாற்றை இயக்கும் காரணிகளுள் அடங்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி ஒப்படைப்பதற்கென 1787ஆம் ஆண்டு முதல் இயற்றப்பெற்ற விதிகள் இதற்குத் தக்க சான்றாகும். வடமாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் இடையே வளர்ந்த பிளவில் அவ்விதிகளின் மொழியமைப்புப் பெற்ற பங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது.

அரசியலமைப்பின் விதி

1787இல் பிலடெல்பியாவில் கூடிய பேரவை வகுத்த அரசியலமைப்பில் 'அடிமை' என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கொள்ளும் விதி அவர்களைப் 'பிற ஆட்கள்' எனச் சுட்டுகிறது. நான்காம் உறுப்பின் இரண்டாம் பிரிவு 'பணிக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்ட ஆள்' என்கிறது. ஒரு மாநிலத்தின் சட்டப்படி அவ்வாறு கட்டுப்பட்டவர் வேறொரு மாநிலத்திற்குத் தப்பிச் சென்றால், அங்குள்ள சட்டத்தால் விடுதலை பெறமாட்டார். அவர்தம் பணிக்கு உரியவர் கோரும்போது ஒப்படைக்கப்படுதல் வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து.

ஈண்டு இரு கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது சொல் தவிர்ப்பு. அவையிற் சொல்லத்தகாததை வேறு சொல்லால் மறைத்துக் கூறுவதை நம் இலக்கணிகள் இடக்கரடக்கல் என்பர். பேரவையினர் பலர் தாமே அடிமைகளை உடையவர்கள். எனினும் அச்சொல்லை அரசியலமைப்பில் எழுத ஒருப்படவில்லை. வரைவில் 'சட்டப்படி' என்றிருந்தது, 'அம்மாநிலச் சட்டங்களின்படி' என மாற்றப்பட்டது. அடிமைமுறை அறநோக்கில் ஏற்புடையது என்னும் பொருள் தோன்றலாகாது எனச் சிலர் கருதியதே காரணமென மேடிசனின் குறிப்புகள் தெரிவிக்கின்றன.

இரண்டாவது, செயப்பாட்டு வினை. 'ஒப்படைக்கப்படுதல் வேண்டும்' என்னும் தொடரில் ஒப்படைக்கும் வினைமுதல் யாரென்பது கூறப்படவில்லை. அது மாநில அரசா, நடுவணரசா என்னும் வினா விடையின்றி நிற்கிறது. தமிழில் பெயர்க்கும்போதும் அவ்விடைவெளி அவ்வாறே எஞ்சுகிறது. பின்னெழுந்த பூசல்களுள் பெரும்பாலானவை இவ்விடைவெளியை நிரப்ப எழுந்தனவே.

1793 முதல் 1842 வரை

1793ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளரையே வினைமுதலாக்கியது. அவரோ அவர்தம் முகவரோ தப்பியவரைப் பிடித்து, நடுவணரசின் நீதிபதியிடமோ உள்ளூர் நடுவரிடமோ நிறுத்தி, வாய்மொழிச் சான்றின் பேரிலேயே சான்றிதழ் பெற்று அழைத்துச் செல்லலாம். தடுப்போருக்கு 500 டாலர் தண்டம். இவ்வெளிய நடைமுறையால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் கடத்தப்படும் நிலை தோன்றியது. அதனைத் தடுக்கப் பென்சில்வேனியா 1826இல் தனிச்சட்டம் இயற்றியது.

1837இல் அம்மாநிலத்தில் வாழ்ந்த மார்கரெட் மார்கன் என்பாரையும் அவர்தம் குழந்தைகளையும் எட்வர்டு பிரிக் முதலியோர் மேரிலாந்திற்குக் கொண்டுசென்றனர். குழந்தைகளுள் ஒன்று பென்சில்வேனியாவிலேயே பிறந்தது. இவ்வழக்கில் 1842இல் உச்சநீதிமன்றம் மாநிலச் சட்டம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. ஒப்படைக்கும் பொறுப்பு நடுவணரசினது என நீதிபதி ஸ்டோரி விளக்கினார். ஆயின் அதனை நிறைவேற்ற மாநில அலுவலரைக் கட்டாயப்படுத்த இயலாது எனவும் கூறினார். வடமாநிலங்கள் இப்பிற்கூற்றைப் பற்றிக்கொண்டன. மாசசூசெட்ஸ் 1843இல் தன் அலுவலரும் சிறைகளும் இப்பணிக்குப் பயன்படலாகாது எனச் சட்டம் இயற்றியது.

1850ஆம் ஆண்டுச் சட்டம்

தென்மாநிலங்களின் வற்புறுத்தலால் 1850 செப்டம்பர் 18இல் கடுமையான புதிய சட்டம் வந்தது. ஆணையர் என்போர் ஜூரியின்றி வழக்கை முடித்தனர். பிடிபட்டவரை ஒப்படைக்கச் சான்றிதழ் வழங்கினால் ஆணையருக்கு 10 டாலர். மறுத்தால் 5 டாலர். தடுப்போருக்கு 1,000 டாலர் வரை தண்டமும் ஆறு திங்கள் வரை சிறையும் விதிக்கலாம். நல்ல குடிமக்கள் அனைவரும் பிடிப்பதற்கு உதவுமாறு ஆணையிடப்பட்டனர். அதாவது, விடுபட்ட வினைமுதலின் இடத்தில் இப்போது ஒவ்வொரு குடிமகனும் நிறுத்தப்பட்டான்.

இச்சட்டத்தின் மற்றொரு கூறு மேலும் கருதத்தக்கது. பிடிபட்டவரின் சாட்சியம் எவ்விசாரணையிலும் ஏற்கப்படலாகாது. அரசியலமைப்பு 'அடிமை' என்னாது 'ஆள்' என்றது. அவ்விதியை நிறைவேற்ற வந்த சட்டமோ அவ்வாளின் பேச்சைப் பறித்தது. தாம் வேறொருவர் என்றோ, விடுதலை பெற்றவர் என்றோ அவர் கூறுவது சான்றாகாது. மென்சொல்லின் உள்ளிருந்த பொருள் இங்கு முழுமையாக வெளிப்பட்டது.

விளைவுகள்

அடிமைமுறையைத் தொலைவிலுள்ள செய்தியாகக் கருதிய வடமாநில மக்களின் தெருவிலேயே அது நிகழலாயிற்று. 1851இல் பாஸ்டனில் ஷாட்ராக் மிங்கின்ஸ் நீதிமன்றத்திலிருந்தே மீட்கப்பட்டார். 1854இல் அதே நகரில் ஆன்டனி பர்ன்ஸ் படைவீரர் காவலுடன் திருப்பி அனுப்பப்பட்டார். மறு ஆண்டு மாசசூசெட்ஸ் பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை அளிக்கும் சட்டத்தை இயற்றியது. விஸ்கான்சின் உச்சநீதிமன்றம் 1850ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாதென்றது. அம்முடிவை நாட்டின் உச்சநீதிமன்றம் 1859இல் தள்ளியது. இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. மாநில உரிமை பேசிய தெற்கு நடுவணரசின் கையை நாடியது. வடக்கோ மாநில உரிமையைக் கேடயமாகக் கொண்டது.

1860 டிசம்பரில் பிரிந்த தென் கரோலினா தன் அறிக்கையில் ஒப்படைப்பு விதி மீறப்பட்டதையே முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறியது. 1861இல் பிரிந்த மாநிலங்கள் தமக்கென வகுத்த அரசியலமைப்பு, பழைய ஒப்படைப்பு விதியைப் பெரிதும் அதே வடிவில் எடுத்துக்கொண்டது. ஆனால் அதன் தொடக்கத்தில் 'அடிமையோ, பணிக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்ட பிற ஆளோ' என எழுதியது. 74 ஆண்டுகள் மறைத்து வைத்த சொல் அவ்விதியில் வெளிப்படையாக இடம்பெற்றது.

முடிவுரை

1793, 1850 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் 1864 ஜூனில் நீக்கப்பட்டன. 1865இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தத்திலேயே 'அடிமைமுறை' என்னும் சொல் அமெரிக்க அரசியலமைப்பில் முதன்முறையாக இடம்பெற்றது. அதுவும் அம்முறையை ஒழிக்கும் பொருட்டே. 1787இல் செய்த சொல் தவிர்ப்பும் வினைமுதலற்ற தொடரும் உடன்பாட்டிற்கு உதவின; ஆனால் முரண்பாட்டைத் தீர்க்கவில்லை, ஒத்திவைத்தன. அவ்வொத்திவைப்பின் சுமையைத் தாங்கியவர்கள் சட்டத்தை எழுதியவர்களல்லர். தம் பெயரைத் தாமே சொல்லவும் உரிமை மறுக்கப்பட்ட மனிதர்களே. ஆகவே சட்ட மொழியை ஆராய்வோர் அதில் உள்ள சொற்களோடு, இல்லாத சொற்களையும் எழுவாயையும் தேடிக் காண்பது இன்றியமையாதது.