ஏ.டி.எம்.களில் பழைய விண்டோஸ்: ரிசர்வ் வங்கி கெடு விதித்தது ஏன்?

மும்பை: தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பவருக்கு, அந்த இயந்திரத்துக்குள் எந்த இயங்குதளம் உள்ளது என்பது தெரிவதில்லை. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய ரிசர்வ் வங்கிக்கு அதுவே பெரும் கவலையாக இருந்தது.

2001-ல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ம் தேதி நிறுத்தியது. அதன் பிறகும் பல ஏ.டி.எம்.கள் எக்ஸ்பியிலேயே இயங்கின. இதுகுறித்து 2017 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வங்கிகளின் கவனத்தை ஈர்த்தது. அடுத்த மாதமே 'வான்னாக்ரை' தாக்குதல் உலகை உலுக்கியது. அதில் அதிகம் பாதிக்கப்பட்டவை எக்ஸ்பி அல்ல. மார்ச் மாதமே வெளியான பாதுகாப்புத் திருத்தத்தை நிறுவாமல் விடப்பட்ட விண்டோஸ் 7 கணினிகளே.

மாற்றத்தில் வங்கிகள் காட்டிய தாமதத்தைக் கடுமையாகக் கருதுவதாகக் கூறி, 2018 ஜூன் 21-ம் தேதி ரிசர்வ் வங்கி கால அட்டவணையை அறிவித்தது. யு.எஸ்.பி. வழியை முடக்குதல், பயாஸ் கடவுச்சொல் அமைத்தல் போன்ற செலவு குறைந்த காப்புகளுக்கு ஆகஸ்ட் வரை மட்டுமே அவகாசம். இயங்குதள மாற்றத்துக்கோ படிப்படியான கெடு: செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50, 2019 மார்ச்சுக்குள் 75, ஜூனுக்குள் அனைத்தும்.

தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பழைய இயந்திரத்தின் நினைவகமும் செயலியும் புதிய இயங்குதளத்துக்குப் போதாமல் போகலாம்; பணம் வழங்கும் கருவியுடன் மென்பொருள் ஒத்துப்போகிறதா என்று மீண்டும் சோதிக்க வேண்டும். புதிய விதிகளின் செலவைச் சுட்டிக்காட்டி, 2019 மார்ச்சுக்குள் சுமார் 1.13 லட்சம் ஏ.டி.எம்.கள் மூடப்படலாம் என்று அத்துறையினரின் கூட்டமைப்பு 2018 நவம்பரில் எச்சரித்தது.

வீட்டுக் கணினியில் எதிர்ப்பு வேறு வடிவம் எடுத்தது. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா, முக்கிய மாற்றங்களுக்கு முன் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டது. சலித்துப்போன பலர் படிக்காமலே 'சரி' என்று அழுத்தினர். சிலர் அந்த வசதியையே அணைத்தனர். 2009-ல் விண்டோஸ் 7 அக்கேள்விகளைக் குறைத்தது.

இயங்குதளத்தை மாற்றுவதால் எல்லாத் திருட்டும் நின்றுவிடாது. 2018 ஆகஸ்டில் புணேயின் காஸ்மாஸ் வங்கியிலிருந்து சுமார் 94 கோடி ரூபாய் பறிபோனபோது குறிவைக்கப்பட்டது, தெருமுனை இயந்திரமல்ல. பரிவர்த்தனைகளுக்கு ஒப்புதல் தரும் மைய அமைப்பு.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11-க்குத் தேவையான பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகளை வைத்திருக்கும் சிறு அலுவலகங்களின் முன் இப்போது அதே செலவுக் கணக்கு நிற்கிறது.