அதிகாரமும் தண்டனையும்: ஊவாப் பெருந்தோட்டச் சிறுமியர் குறித்த ஒரு சட்ட வரலாற்று நோக்கு

சிறுவர்மீது பாலியற் குற்றம் புரிவோர் அதிகார நிலையில் இருப்பவராயின் அவர்க்குரிய தண்டனை கடுமையாதல் வேண்டும் என்னும் கோரிக்கை இன்று பலராலும் வற்புறுத்தப்படுவதாகும். கோரிக்கை நியாயமானதே. ஆயின் ‘அதிகாரம்’ என்பது யாது, அது எங்கிருந்து பிறக்கின்றது என்னும் வினாக்களுக்கு விடை காணாது தண்டனையின் அளவை மட்டும் பேசுவது நோயின் மூலத்தை விட்டு அதன் குறியைப் பேசுவதாகிவிடும். பதுளை, பசறை, ஹாலிஎல, அப்புத்தளை, மடுல்சீமை எனப் பரந்துகிடக்கும் ஊவாப் பெருந்தோட்டப் பகுதியின் வரலாற்றோடு பொருத்தி இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக நிறைவேறியது. சம்மதம் இருப்பினும் குற்றமே என்று கொள்ளப்படும் வயதெல்லையை அது பன்னிரண்டு என வகுத்தது. இரண்டு ஆண்டுகளின் பின், 1885இல், இங்கிலாந்து தன் சொந்தச் சிறுமியர்க்கு அவ்வெல்லையைப் பதினாறாக உயர்த்தியது. லண்டன் தெருக்களில் வாழ்ந்த சிறுமிக்குக் கிடைத்த பாதுகாப்பு, அவள் அருந்திய தேநீருக்குக் கொழுந்து பறித்த சிறுமிக்குக் கிடைக்கவில்லை. இலங்கையில் அவ்வெல்லை பதினாறாவதற்கு 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வரவேண்டியிருந்தது. இடைப்பட்டவை நூற்றுப்பத்து ஆண்டுகள். குடியேற்ற ஆட்சி நீங்கிய பின்னரும் நாற்பத்தேழு ஆண்டுகள் இவ்வெல்லை அசையவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

அதே காலத்தில் தொழிலாளிமீது சட்டம் எத்துணைக் கடுமை காட்டியது என்பது நோக்கத்தக்கது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்கீழ், உரிய அறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி குற்றவாளியாகிச் சிறைக்குச் செல்ல நேர்ந்தது. 1921இல் ஒழிக்கப்படும் வரை, அவனது கடனைப் பொறித்த துண்டு அவனைத் தோட்டத்தோடும் பெரிய கங்காணியோடும் பிணைத்து வைத்திருந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆண், பெண், சிறுவர் என மூவகையாகக் கூலி நிர்ணயிக்கப்பட்டது. சட்டத்தின் பார்வையிற் சிறுமி உழைப்புச் சக்தியாகவே முதலிற் புலப்பட்டாள் எனலாம். பாதுகாக்கப்படவேண்டிய குழந்தையாக அவள் புலப்பட்டது மிகப் பிந்தியே.

இப்பின்னணியிலேயே தோட்டத்து அதிகாரத்தின் தனித்தன்மையை விளங்கிக்கொள்ளல் வேண்டும். நகரத்தில் வேலை தருபவர் ஒருவர், வீடு தருபவர் இன்னொருவர், மருத்துவர் மற்றொருவர். தோட்டத்திலோ பிரட்டுக்களத்திற் பேர் போடுவதும், லயக் காம்பராவைத் தருவதும், மருந்துக்குச் சீட்டெழுதுவதும், பிள்ளைக்காம்பராவை நடத்துவதும் ஒரே அதிகார ஏணியின் படிகளாக இருந்தன. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்னும் அப்படிகளுள் எதில் நிற்பவனும், தனக்குக் கீழுள்ள குடும்பத்தின் முழு வாழ்வையும் ஒரு சொல்லாற் குலைக்கக்கூடியவனாயிருந்தான். இத்தகைய இடத்தில் அச்சுறுத்துவதற்கு ஆயுதம் வேண்டியதில்லை. ‘நாளைக்குப் பேர் இல்லை’ என்னும் சொல்லே போதுமானது.

இவ்வுண்மையைச் சட்ட அறிஞர்க்கு முன்னரே இலக்கியம் கண்டுகொண்டது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி பாடினான். 1930களிற் புதுமைப்பித்தன் எழுதிய ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற் பெண்ணுடல் மேலதிகாரியின் உடைமையாகக் கொள்ளப்படுவதைப் பொருளாகக் கொண்டது. பாலியற் கொடுமையைத் தனிமனிதரின் இழிகுணமாக அன்றி, உற்பத்தி உறவுகளின் விளைவாகக் காண இப்படைப்புகள் இடந்தருகின்றன. இதற்கு மாறாக, நம் பத்திரிகைகள் நெடுங்காலம் கையாண்ட ‘கற்பழிப்பு’ என்னும் சொல் குற்றத்தின் பாரத்தைக் குற்றவாளியிடமிருந்து எடுத்துச் சிறுமியின் தலையிற் சுமத்தியது. அழிந்தது அவளது கற்பு என்று கூறும் சமூகம், அவள் வாய்திறப்பதையே இரண்டாவது அவமானமாக்கிவிடுகின்றது.

1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. பாலியல் வல்லுறவுக்கான உச்சத் தண்டனை 1883 முதலே இருபது ஆண்டுகள்தாம். இல்லாதிருந்தது கீழெல்லையே. திருத்தம் பொதுவாக ஏழாண்டுக் கீழெல்லையையும், பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர் தொடர்பிற் பத்தாண்டுக் கீழெல்லையையும் விதித்தது. பதினாறு வயதுக்குக் குறைந்த சிறுமிமீது நெருங்கிய இரத்த உறவினன் புரியும் குற்றத்திற்கு அது பதினைந்து ஆண்டுகளாயிற்று. தடுப்புக்காவல், சிறுவர் இல்லம், மருத்துவமனை ஆகியவற்றின் பணியாளர் தம் நிலையைப் பயன்படுத்திப் புரியும் குற்றத்திற்கும் பத்தாண்டுக் கீழெல்லை வகுக்கப்பட்டது. வேலைத்தலத்தில் அதிகாரமுடையோர் புரியும் பாலியல் தொந்தரவு தனிக்குற்றமாயிற்று.

எனினும் இங்கு ஒரு இடைவெளி உண்டு. சட்டம் கருதும் அதிகாரி பெரும்பாலும் அரச அலுவலன். காவலிலோ நிறுவனத்திலோ பெண்ணை வைத்திருப்பவன். ஆசிரியன், கங்காணி, தோட்ட அலுவலன் ஆகியோர் அப்பட்டியலிற் பெயர் சுட்டப்படவில்லை. அவர்கள் சிறுமி ஒருத்திக்குத் தீங்கிழைப்பின், முன்பின் அறியாத அந்நியனுக்குரிய அதே பத்தாண்டுக் கீழெல்லையே அவர்களுக்கும் உரியது. தந்தையின் துரோகத்தைச் சட்டம் தனித்து அளந்தது. தந்தையின் இடத்தில் நின்றவனின் துரோகத்தை அவ்வாறு அளக்கவில்லை. இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் பாலியற் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், கல்வி நிறுவனத்தாரையும் நம்பிக்கைக்கும் அதிகாரத்துக்கும் உரிய நிலையிலுள்ளோரையும் வெளிப்படையாகச் சுட்டிக் கடுந்தண்டனைக்கு உள்ளாக்குகின்றது.

இலங்கையிற் கீழெல்லையும் நிலைபெறவில்லை. அநுராதபுர மேல் நீதிமன்றம் அனுப்பிய வினாவொன்றுக்கு 2008 ஒக்டோபரில் விடையளித்த உயர் நீதிமன்றம், கட்டாயக் கீழெல்லை நீதிபதியின் தற்றுணிபைப் பறிப்பதால் அரசியலமைப்புக்கு முரணானது என்றும், தகுந்த வழக்குகளில் அதற்குக் குறைந்த தண்டனையை விதிக்கலாம் என்றும் கூறியது. ஒத்த வயதினரான இளைஞர் இருவரின் உறவைக் கொடுங்குற்றத்தோடு ஒன்றாக வைக்கலாகாது என்ற அளவில் இத்தற்றுணிபு நியாயமானதே. ஆயின் மாணவிக்கும் ஆசிரியனுக்கும் இடையிலோ, கொழுந்து பறிப்பவளின் மகளுக்கும் தோட்ட அதிகாரிக்கும் இடையிலோ அத்தகைய சமத்துவம் ஒருபோதும் இல்லை. எனவே அதிகார நிலையைத் தெளிவாக வரையறுத்து, அந்நிலையிலுள்ளோர்க்குத் தண்டனைக் குறைப்பு கிட்டாவண்ணம் சட்டத்தை ஒழுங்குபடுத்துவது சாத்தியமானது, அவசியமானதுமாகும். சமமற்றோரைச் சமமற்றவராக அறிந்து தீர்ப்பளிப்பதே உண்மையான தற்றுணிபு.

அதுவும் முழுத்தீர்வன்று. தண்டனை என்பது நீண்ட வழியின் இறுதிப்படி. பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுதப்படவேண்டும். மருத்துவ அறிக்கை வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் தாய் ஒருநாட் கூலியை இழக்கவேண்டும். 1948இற் குடியுரிமை மறுக்கப்பட்ட சமூகம், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதன் எஞ்சிய சுமையைத் தாங்கிய சமூகம், அரச அலுவலகத்தை உரிமையோடு அணுகப் பழகியதன்று. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைச் சட்டம் பிறந்தது. 1999இற் சிறுவரின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாக ஏற்க வழிசெய்யப்பட்டது. இவை லயத்தின் வாயில்வரை வந்து சேர்ந்தாலன்றிப் பயன்தரா.

சட்டத்தை வாயில்வரை கொண்டுவருவது யாது? தமிழ்நாட்டின் வாச்சாத்தி இதற்கு விடை தருகின்றது. 1992 ஜூன் மாதம் அம்மலைக் கிராமத்திற் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர் மக்களைத் தாக்கினர். பதினெட்டுப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளாயினர். அவருட் சிறுமியரும் இருந்தனர். பழங்குடி மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கமும் தளராது போராடியமையால், 2011இல், குற்றஞ்சாட்டப்பட்ட 269 அலுவலருள் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இற் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. முப்பத்தோராண்டுகள் அப்பெண்கள் தனித்து நின்றிருப்பின் வழக்கே எஞ்சியிராது.

ஊவாவுக்கும் அத்தகைய மரபு அந்நியமன்று. 1940இல் வேவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிந்தெடுத்து, அதனைக் கலந்தே நிருவாகம் நடக்கவேண்டுமென நிலைநாட்டினர். அன்று அவர்கள் கூலியை மட்டும் கேட்கவில்லை. அதிகாரம் கணக்குக் கொடுக்கவேண்டுமெனக் கேட்டனர். அக்கேள்வியைப் பாடசாலைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் தோட்ட மருத்துவமனைக்கும் விரிப்பதே இன்றைய தொழிற்சங்கங்களின் கடமை. சிறுவர் பாதுகாப்பு ‘பெண்கள் பிரச்சினை’ எனக் கூட்ட நிகழ்ச்சிநிரலின் கடைசியில் தள்ளப்படும் நிலை மாறவேண்டும். கடுமையான தண்டனை தேவை. அதைவிட, தண்டனைக்கு அஞ்சவேண்டியவன் அஞ்சும் சமூகச் சூழல் தேவை. முன்னையதைப் பாராளுமன்றம் இயற்றலாம். பின்னையதை லயத்து மக்களே இயற்றவேண்டும்.