இலத்தீனும் வேதியியலும்: இலண்டன் மருத்துவக் கல்வியின் வாயிற்படி

இலண்டனில் மருத்துவம் கற்க வருபவர் அதற்கு முன் எதைக் கற்றிருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, 200 ஆண்டுகளுக்கு முன்னர் இலத்தீன் என்பதே விடையாக இருந்தது. 1518இல் தோன்றிய மருத்துவர்களின் ராயல் கல்லூரி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளையே தன் உயர் உறுப்பினராக ஏற்றது. மருந்து கலந்து கொடுத்து நோயும் பார்த்தவர் அப்போதிக்கரி எனப்பட்டார்; இலங்கை அரசு மருத்துவப் பணியிலும் நெடுங்காலம் வழங்கிய பெயர் இது. அவருக்கு 1815ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டுத் தொழிற்பயிற்சியை விதித்ததோடு, பிளாக்ஃபிரையர்ஸிலுள்ள அப்போதிக்கரிகள் சங்க மண்டபத்தில் இலத்தீன் அறிவையும் சோதிக்கச் செய்தது. கைஸ் மருத்துவமனை மாணவரான கவிஞர் ஜான் கீட்ஸ், 1816 ஜூலை 25 அன்று அத்தேர்வில் தேறினார். பள்ளி நாள்களிலேயே இலத்தீன் கவிஞர் வர்ஜிலின் காவியத்தை மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தவருக்கு அது கடினமாக இருந்திருக்காது.

இலத்தீனை வெறும் குலப்பெருமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. மருந்துச் சீட்டும் மருந்துத் தொகுப்பு நூலும் அம்மொழியிலேயே இருந்தன. மூன்று வேளை என்பதற்குத் தமிழ்நாட்டு மருத்துவர் இன்றும் சீட்டில் கிறுக்கும் ‘டி.டி.எஸ்.’ என்ற மூன்றெழுத்து, ‘டெர் டியே சுமெண்டும்’ என்ற இலத்தீன் தொடரின் சுருக்கமே. ஆயினும் இலத்தீன் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப இயலாத குடும்பங்களுக்கு அதுவே தாழிட்ட கதவாயிற்று என்பதை மறைக்க முடியாது.

இலத்தீனைத் தொடர்ந்து அறிவியலும் வாயிற்படியாயிற்று. 1836இல் சாசனம் பெற்ற இலண்டன் பல்கலைக்கழகம், 1860களில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றைக் கொண்ட முதனிலை அறிவியல் தேர்வை மருத்துவப் பட்டத்துக்கு முற்படியாக வைத்தது. 1951இல் ‘ஏ லெவல்’ என்னும் பள்ளி இறுதித் தேர்வு வந்தபின், வேதியியலை எடுப்பதா வரலாற்றை எடுப்பதா என்று 16 வயதில் செய்யும் தெரிவே பெரும்பாலோரின் மருத்துவ வாய்ப்பைத் தீர்மானித்தது. அவ்வளவு இளம் வயதில் கதவை அடைப்பது இலத்தீன் காலத்து அநீதிக்குக் குறைந்ததன்று.

தமிழர் கடைகள் நிறைந்த டூட்டிங்கில் இயங்கும் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவப் பள்ளி, 2000இல் எத்துறைப் பட்டதாரியும் சேரத்தக்க நான்காண்டுப் படிப்பைத் தொடங்கி அக்கதவைத் திறந்தது. வரலாறோ இசையோ பயின்றவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ‘கேம்சாட்’ எனப்படும், ஆஸ்திரேலியாவில் உருவான நுழைவுத்தேர்வில், கலை, சமூக அறிவியல் பகுதியையும் கட்டுரைப் பகுதியையும் அடுத்து உயிரியல், வேதியியல், இயற்பியல் வினாக்கள் அவருக்காகக் காத்திருக்கும்.