குஞ்சா, பெரிய மீனா? நெல்மணி அளவு உளுவையின் சரித்திரம்

(முன்னாள் மாணவர் ஒருவர், விலங்கியல் துறை)

விலங்கியல் படித்த நம்மவர்களுக்கு ‘ஸ்பாட்டர்’ என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் வயிற்றில் புளி கரைக்கும். மேசை மேல் வரிசையாக ஜாடிகள் இருக்கும். மணி அடித்ததும் அடுத்த ஜாடிக்கு நகர வேண்டும். பெயர் எழுத வேண்டும், வகுப்பு எழுத வேண்டும், அடையாளக் காரணம் இரண்டு எழுத வேண்டும். பெயர் சரியாக இருந்து காரணம் தப்பென்றால் அரை மார்க்தான். அந்தக் ‘காரணம்’ எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு மீனின் சரித்திரமே சாட்சி. அதைத்தான் இந்த மலரில் சொல்லப் போகிறேன். மீன் என்றதும் வஞ்சிரத்தையும் வௌவாலையும் நினைத்துவிடாதீர்கள். இது நெல்மணி நீளத்தைத் தாண்டாத மீன்!

நம் ஊர் ஆற்றிலும் காயலிலும் தரையோடு தரையாகக் கிடக்கும் உளுவையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அடிவயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒட்டிக் கிண்ணம் போல ஆகியிருக்கும். அதை வைத்துக் கல்லில் பிடித்துக்கொள்ளும். அந்தக் குடும்பம் லேசுப்பட்டதில்லை. உலகம் முழுக்கச் சுமார் 2000 இனங்கள். அவற்றில் ஏராளமானவை வெப்பக் கடல்களின் பவளப்பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. பெரும்பாலும் விரல் நீளம், சில நகத்தின் அகலம். ரொம்பச் சின்ன இனங்கள் பலவற்றில் வயிற்றுத் துடுப்பு கிண்ணமாகக்கூட ஒட்டியிருக்காது. அதாவது, ரெக்கார்டு நோட்டில் நாம் எழுதிய முதல் அடையாளமே அங்கே கைகொடுக்காது!

நூறு வருஷப் போட்டி

‘உலகிலேயே மிகச் சின்ன முதுகெலும்பி எது?’ என்ற கேள்விக்கு 1902-ல் ஒரு பதில் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவில் புஹி என்றொரு ஏரி. அங்கே மக்கள் ‘சினாரபான்’ என்று சொல்லி, கூட்டமாக வாரி எடுத்துச் சாப்பிடும் பொடிமீன் ஒன்று உண்டு. அமெரிக்க மீனியல் அறிஞர் ஹியூ ஸ்மித் அதை ஆராய்ந்து ‘மிஸ்டிக்திஸ் லூசோனென்சிஸ்’ என்று பெயரிட்டார். முதல் பாதியின் பொருளே ‘மிகச் சின்ன மீன்’ என்பதுதான். வளர்ந்த மீன் 12 முதல் 14 மில்லிமீட்டர். ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குழம்பு வைத்த மீன், அறிவியலுக்கு அன்றைக்குத்தான் புதுசு!

25 வருஷம் அந்தப் பட்டம் நிலைத்தது. 1927-ல் மணிலாவில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹெர்ரே, பிலிப்பைன்ஸ் உளுவைகளைப் பற்றிய தம் பெரிய நூலில் ‘பண்டாகா பிக்மேயா’ என்ற இன்னொரு மீனை விவரித்தார். மணிலாவுக்குப் பக்கத்து மலபோன் ஆற்றில் கிடைத்தது. சுமார் ஒரு சென்டிமீட்டர். அதுவும் உளுவைதான்.

இந்த இரண்டும் ஏரி மீன், ஆற்று மீன். பவளப்பாறைக்கு முறை வந்தது 1981-ல். மாலத்தீவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவில் சாகோஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே 1978-79-ல் சென்ற ஆய்வுப் பயணத்தில் கனடாவின் டொரன்டோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் விண்டர்பாட்டமும் ஆலன் எமரியும் இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த மீன்களில் ஒன்றுக்கு ‘ட்ரிம்மாட்டம் நானஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ‘நானஸ்’ என்றால் குள்ளன். முட்டை முதிர்ந்த பெண் மீனே 8 முதல் 10 மில்லிமீட்டர்தான்.

‘முட்டை முதிர்ந்த’ என்ற அந்த இரண்டு சொல்லைக் கவனியுங்கள். வழக்கே அதில்தான் இருக்கிறது. கடலில் 8 மில்லிமீட்டர் மீனுக்கா பஞ்சம்? எந்த மீனின் குஞ்சும் ஒரு கட்டத்தில் 8 மில்லிமீட்டர் இருந்திருக்கும். ஆகவே சின்ன மீனைப் பிடித்தவன் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, ‘இது வேறு யாரோ ஒருவரின் பிள்ளை இல்லை என்று எப்படிச் சொல்கிறாய்?’ என்பதே. வயிற்றுக்குள் முதிர்ந்த முட்டையோ விந்தோ இருப்பதைக் காட்டினால் ஒழிய யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முரல் குஞ்சு என்று நினைத்த மீன்

முட்டையைப் பார்த்துவிட்டால் மட்டும் போதுமா? அதுவும் போதாது என்பதற்கு ஒரு கதை உண்டு. ஹவாய்த் தீவுக் கடலில் கிடைத்த, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் ஒரு பொடிமீனை 1930-ல் ஓட்டோ ஷிண்ட்லர் என்ற ஆய்வாளர் விவரித்தார். பார்ப்பதற்கு அசல் குஞ்சு. ஆனால் இனப்பெருக்க உறுப்புகள் முதிர்ந்திருந்தன. அவர் அதை முரல் மீன் குடும்பத்தில் சேர்த்து, குஞ்சுப் பருவத்திலேயே பருவமடைந்துவிட்ட முரல் என்று முடிவு கட்டினார். பெயரும் அப்படியே: ‘ஹெமிராம்ஃபஸ் பிரிமெச்சூரஸ்’. பிஞ்சிலே பழுத்தது என்று தமிழில் சொல்லலாம்.

நான்கு வருஷம் கழித்து 1934-ல் பெல்ஜியத்து ஆய்வாளர் லூயி கில்டே ஒரு கட்டுரை எழுதினார். ‘ஷிண்ட்லரின் குஞ்சுகள் உண்மையில் முரல் குடும்பம்தானா?’ என்று தலைப்பிலேயே கேட்டுவிட்டார். இல்லை என்பது அவர் பதில். பேரினத்துக்கு ‘ஷிண்ட்லீரியா’ என்று பெயர் சூட்டித் தனிக் குடும்பமாகவே பிரித்து வைத்தார். கருத்தை மறுத்தவரே அந்த மனிதரின் பெயரை மீனுக்கு நிரந்தரமாகத் தந்துவிட்டார் பாருங்கள், அறிவியலின் பண்பாடு அது.

சரி, முரல் இல்லை. அப்படியானால் என்ன? அந்தக் கேள்வி பல காலம் நின்றது. முழு மீனின் எலும்பு வளர்ந்திருந்தால் உறவு கண்டுபிடிக்கலாம். இந்த மீனோ குஞ்சு உருவத்திலேயே நின்றுவிடுகிறது. எலும்பு பாதி உருவாகாது, குருத்தாகவே இருந்துவிடும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேண்டிய அடையாளங்களையே மீன் வளர்க்க மறுத்தால் என்ன செய்வது? கடைசியில் 1993-ல் டேவிட் ஜான்சன், எட்வர்ட் பிரதர்ஸ் என்ற இருவர் அதன் எலும்புக்கூட்டை அணு அணுவாக ஆராய்ந்து, இது குஞ்சு உருவிலேயே பருவமடையும் உளுவை இனம் என்று எழுதினார்கள். 1930-லிருந்து 1993 வரை, ஒரு பொடிமீனின் சொந்தபந்தம் தெரிய 63 வருஷம்!

இருபத்தைந்து வருஷக் காத்திருப்பு

அந்த ஷிண்ட்லீரியா குடும்பத்தில்தான் அடுத்த சாதனையும் வந்தது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் லிசார்ட் தீவு என்றொரு தீவு. அந்தப் பகுதியில் 1979-ல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் ஜெஃப் லீஸ் இந்த மீனை முதன்முதலாகப் பிடித்தார். அவர் மீன் குஞ்சு ஆராய்ச்சியாளர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். குஞ்சுகளைச் சலித்துப் பார்க்கத் தெரிந்தவர் கையில்தான் குஞ்சு வேஷம் போட்ட பெரிய மீனும் கிடைக்கும்.

பிடித்ததோ 1979. பெயர் வந்ததோ 2004. அமெரிக்காவின் வில்லியம் வாட்சன், எச்.ஜே. வாக்கர் இருவரும் அதை ‘ஷிண்ட்லீரியா பிரெவிபிங்குவிஸ்’ என்று விவரித்தார்கள். ‘குட்டையும் பருமனும் ஆனது’ என்று பொருள். தன் உறவு மீன்கள் ஊசி மாதிரி ஒல்லியாக இருக்க, இது கொஞ்சம் உருண்டை. செதில் கிடையாது, பல் கிடையாது, கண்ணைத் தவிர உடம்பில் நிறமே கிடையாது. ஆண் சுமார் 7 மில்லிமீட்டர், பெண் அதிகபட்சம் 8.4. விவரித்த காலத்தில் உலகில் இருந்த மாதிரிகள் மொத்தம் ஆறே ஆறு.

இரண்டே வருஷத்தில் போட்டி மாறியது. 2006-ல் சுமத்ராவின் சதுப்புக் காட்டுத் தண்ணீரில் 7.9 மில்லிமீட்டரில் முதிர்ந்த பெண் மீன் ஒன்றை மாரிஸ் கொட்டலாட் குழுவினர் அறிவித்தார்கள். அது கெண்டைக் குடும்பம். 2012-ல் பப்புவா நியூகினியின் தவளை ஒன்று, சராசரி 7.7 மில்லிமீட்டரோடு, முதுகெலும்பிப் பட்டத்தையே கொண்டுபோனது. 1902-லிருந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு உளுவைக் குடும்பத்துக்குள்ளேயே சுற்றிய பட்டம் கைமாறியது. பட்டம் போனால் போகட்டும். அந்த நூறு வருஷத்தில் மனிதர்கள் பழகிய கை வேலைதான் எனக்குப் பெரிசு.

எண்ணுவதுதான் வேலை

ஒரு புதிய உளுவையை விவரிப்பது எப்படி என்று இன்றைய மாணவர்கள் கேட்கலாம். முதலில் மீன் சிதையாமல் கிடைக்க வேண்டும். பாறை இடுக்கில் கிராம்பு எண்ணெய் பீய்ச்சி மயக்கி எடுக்கும் முறை உண்டு. எடுத்த உடனே படம் பிடித்துவிட வேண்டும். ஸ்பிரிட்டில் போட்டால் சிவப்பு, மஞ்சள் எல்லாம் வெளுத்துப்போகும். பிறகு மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடி வரை அளக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பின் கீழ் முதுகுத் துடுப்பில் முள் எத்தனை, கதிர் எத்தனை, மார்புத் துடுப்பில் எத்தனை, செதில் வரிசை எத்தனை என்று எண்ண வேண்டும். தலையில் உணர்வுப் புள்ளிகள் எந்த வரிசையில் போகின்றன என்று வரைய வேண்டும். எலும்பு பார்க்க வேண்டுமானால் ஒரு மாதிரியைத் தெளியவைத்துச் சாயம் ஏற்றுவார்கள். சதை கண்ணாடியாகி, எலும்பு சிவப்பாகவும் குருத்தெலும்பு நீலமாகவும் தெரியும். அழகான காட்சி!

எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு மீனை ‘ஹோலோடைப்’ என்று குறித்து, எண் போட்டு, அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஜாடியிடம்தான் போக வேண்டும்.

இந்த வேலையில் பெரியவன் சிறியவன் இல்லை. ஜப்பானின் அகிஹிட்டோ, பட்டத்து இளவரசராக இருந்த காலத்தில், 1963-ல் உளுவைகளின் தோள்பட்டை எலும்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1989-ல் பேரரசர் ஆனார், 2019-ல் பதவி விலகினார், 2021-ல் இன்னொருவரோடு சேர்ந்து இரண்டு புதிய உளுவை இனங்களை விவரித்தார். அரியணைக்கு முன்னும் பின்னும் அவர் கதிர் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

டி.என்.ஏ. வந்த பிறகு இந்த எண்ணிக்கை எல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விண்டர்பாட்டம் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ‘ட்ரிம்மா’ என்ற குட்டி உளுவைப் பேரினத்துக்குக் கொடுத்தவர். இன்று அதில் நூற்றுக்கு மேல் இனங்கள். 2014-ல் அவர் குழு டி.என்.ஏ. பார்த்தபோது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த மீன்களுக்குள் பல தனித்தனிக் கிளைகள் மறைந்திருப்பது தெரிந்தது. டி.என்.ஏ. ‘வேறு வேறு’ என்று சொல்லும். எப்படி வேறு, எதைப் பார்த்து அடையாளம் காண்பது என்பதைச் சொல்ல மறுபடியும் மைக்ராஸ்கோப்புக்குத்தான் வர வேண்டும்.

இத்தனூண்டு மீனால் என்ன பிரயோஜனம்?

இது நியாயமான கேள்வி. ‘எவியோட்டா சிகிலாட்டா’ என்ற குட்டி உளுவையின் ஆயுளை ஆஸ்திரேலியாவின் டெப்சின்ஸ்கி, பெல்வுட் இருவரும் 2005-ல் கணக்கிட்டார்கள். மீனின் காதுக்கல்லில் நாளுக்கொரு வளையம் விழும். அதை எண்ணினால் அதிகபட்சம் 59 நாள். மூன்று வாரம் திறந்த கடலில், ஒன்றிரண்டு வாரம் வளர்ச்சி, மிச்சம் மூன்றரை வாரத்தில் குடும்பம், பிள்ளைகுட்டி எல்லாம் முடிந்தது! இப்படி வேகமாகப் பிறந்து வேகமாக இரையாகிற சின்ன மீன்கள்தான், பவளப்பாறையில் உண்ணப்படும் மீன் சதையில் கிட்டத்தட்ட 60 சதவீதத்தைத் தருகின்றன என்று 2019-ல் ஓர் ஆய்வு சொன்னது. பெரிய மீனின் சாப்பாட்டுத் தட்டை நிரப்புவது இந்தப் பொடிசுகள்தான்.

அந்தப் பாறைகளோ வெளுத்துக்கொண்டிருக்கின்றன. சாகோஸ் பவளங்கள் 1998-ல் பெரும் அடி வாங்கின. லிசார்ட் தீவைச் சுற்றி 2016-ல் கடும் வெளுப்பு. நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளங்களும் 2010-லும் 2016-லும் வெளுத்தன. பெரிய மீன் குறைந்தால் வலைக்காரர் சொல்லிவிடுவார். நெல்மணி மீன் போனால் யார் சொல்வார்? பெயர் இருந்தால்தான் காணாமல் போனது என்றாவது எழுத முடியும்.

ஆகவே இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். மண்டபத்துக்கோ ராமேசுவரத்துக்கோ டூர் போகும்போது, வலையில் விழும் பொடிமீனை ‘குஞ்சு’ என்று தூக்கிப் போடாதீர்கள். லென்ஸ் வைத்து வயிற்றைப் பாருங்கள். முட்டை தெரிந்தால் கதிர் எண்ணுங்கள். ஜாடிக்குள் பென்சிலால் எழுதிய லேபிள் போடுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். இடம், தேதி, ஆழம் மூன்றும் இருக்கட்டும். நீங்களே பெயர் வைக்க வேண்டும் என்பதில்லை. 25 வருஷம் கழித்து யாரோ ஒருவர் அந்த ஜாடியைத் திறக்கும்போது, உங்கள் லேபிளை நம்பி அவர் வேலையைத் தொடங்கினால் போதும்.