எபிடியூரல் பிரசவத்தில் சிறுநீர்ப்பைப் பராமரிப்பு
பிரசவ வலியைத் தணிக்கும் எபிடியூரல் மருந்து, சிறுநீர்ப்பை நிறைந்ததை உணர்த்தும் 2 முதல் 4 வரையிலான திருவெலும்பு நரம்புகளையும் மரத்துப்போகச் செய்கிறது. டிரிப்ஸ் வழியே ஏறும் திரவம் பையை விரைவாக நிரப்பினாலும் தாய்க்கு முட்டுவதில்லை. எனவே அவர் சொல்லட்டும் என்று காத்திருப்பது பராமரிப்பே ஆகாது. சில மணிக்கு ஒருமுறை அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, தானே கழிக்கச் செய்து, முடியாதபோது மட்டும் குழாய் செருகி நீரை வடிப்பதே பொருத்தம்.

தொடக்கத்திலேயே குழாயைப் பொருத்திவிடலாமே, திரும்பத் திரும்பச் செருகுவதும் கிருமிக்கு வழிதானே என்பர். நியாயமான கேள்விதான். ஆனால் குழாய் உள்ளே கிடக்கும் நேரம் நீள நீளத் தொற்று அபாயம் கூடுகிறது, நடமாட்டமும் தடைபடுகிறது. மருந்தின் செறிவைக் குறைத்துத் தரும் இன்றைய முறையில் பலரால் தாமே சிறுநீர் கழிக்க முடிகிறது. ஆனாலும் கவனிக்காமல் விட்டால், அளவுமீறி விரிந்த பையின் தசை தளர்ந்து, பிரசவத்துக்குப் பின்னும் நீர் தேங்கலாம். குழந்தை பிறந்து 6 மணி நேரத்துக்குள் தாய்க்குச் சிறுநீர் கழியவில்லையெனில் காரணம் தேடுவது அதனால்தான்.