தண்ணி மாத்தின கைகள்

2022இல் ஒரகடத்தை அடுத்த எங்கள் வடக்குப்பட்டில் தொல்லியல் துறை குழி வெட்டியது. கற்கருவிகளும் பானை ஓடுகளும் வந்தன, பத்திரிகைகள் எழுதின. அதே மண்ணில் இன்னொரு வகை ஓடும் கிடக்கிறது. பூட்ஸ் காலில் நொறுங்கிய சாராயப் பானைகளின் ஓடு. அதற்கு யாரும் எண் போட்டு வைக்கப்போவதில்லை.

என் ஆயா சாராயம் காய்ச்சினவள். சொல்ல வெட்கமில்லை. அறுப்பு வேலை இல்லாத மாசங்களில் எங்களுக்குச் சோறு போட்டது அதுதான். வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைப்பாள். புளித்ததும் அடுப்பில் ஏற்றுவாள். அதன்மேல் அடியில் ஓட்டை போட்ட பானை, அதற்குள் ஒரு சின்னக் கலயம், எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர்ச் சட்டி. சந்துகளைச் சேறு குழைத்து அடைப்பாள். ஆவி சட்டியின் குளிர்ந்த அடியில் பட்டுச் சொட்டுச் சொட்டாய்க் கலயத்தில் இறங்கும்.

பார்க்கிறவன் கண் அடுப்பில்தான் இருக்கும். ஆயா கண் மேல்சட்டியில். "தண்ணி சூடாச்சுன்னா சரக்கு ஆவியா பூடும்டா" என்பாள். கை விட்டுப் பார்த்து, சுடுவது போலிருந்தால் மொண்டு கொட்டிவிட்டு வேறு தண்ணி ஊற்றுவாள். எத்தனை தண்ணி மாத்தினோம் என்பதுதான் கணக்கு. முதல் தண்ணிச் சரக்கு காட்டம், போகப்போக நீர்த்துவிடும். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100இல். தீ மிஞ்சினால் தண்ணீர் ஆவியும் கூடவே ஏறும். இதையெல்லாம் அவள் கையால் அறிந்தாள். அந்தத் தண்ணியை ஏரியிலிருந்து இருட்டில் சுமந்தவர்கள் என் அம்மாவும் அத்தையும்.

பெஷாவர் பக்கம் ஷைகான் தேரியில் கிடைத்த மண்கலங்களை வைத்து, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தத் துணைக்கண்டத்தில் வடித்தார்கள் என்று 1979இல் ஆல்ச்சின் வாதிட்டார். அவ்வளவு பழைய அறிவு எப்போது குற்றமாயிற்று? 1886 சென்னை அப்காரிச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சினால் தண்டனை. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி வடித்தால் தொழில், சேரியில் வடித்தால் களவு. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948க்குள் மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் தளர்த்தினார்கள், பிறகு மூடினார்கள், திறந்தார்கள். 2003 முதல் அரசே கடை வைத்து விற்கிறது.

2023 மே மாதம் மரக்காணத்திலும் எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சனங்கள் செத்தார்கள். கள்ளக்குறிச்சிச் சாவு மட்டும் அறுபதுக்கு மேல், பலர் தலித் கூலிகள். உடனே "காய்ச்சத் தெரியாமல் காய்ச்சினார்கள்" என்று பேச்சு. அங்கே காய்ச்சலே நடக்கவில்லையே! கொன்றது தொழிற்சாலை மெத்தனால். வெல்ல ஊறலில் மெத்தனால் மிகச் சொற்பம். டிரம்மில் வருகிற விஷத்துக்கு ஊறலும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம், தண்ணி மாத்துகிற கையும் வேண்டாம். பழி மட்டும் சேரிப் பானைமேல்.

நான் நாலாவது படிக்கையில் ஒருநாள் வந்தார்கள். ஊறலைக் கவிழ்த்து, பானைகளை உடைத்தார்கள். போகிற போக்கில் ஓரமாயிருந்த குடிதண்ணிக் குடங்களையும் உடைத்தார்கள். ஆயா அதற்குத்தான் அழுதாள். ஊர்க் கிணற்றில் எங்களுக்கு இடமில்லை. அன்று ராத்திரி முழுக்க நாங்கள் தண்ணி குடிக்கவில்லை.